சின்ன முள் நகர வேண்டும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் அட்டைக் கடிகாரத்தைக் கொடுத்து மூன்றரை மணி காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பெரிய முள் ஆறுக்கு நேராக வந்துவிடும். சின்ன முள் மூன்றின் மேல் ஆணியடித்தாற்போல நிற்கும். ஆசிரியர் சரியென்று தலையசைப்பார், கடிகாரம் அடுத்த பிள்ளையின் கைக்குப் போய்விடும். ஆனால் ஓடுகிற எந்தக் கடிகாரத்திலும் அப்படியொரு நேரம் வராது. மணி மூன்றரை ஆகும்போது சின்ன முள் மூன்றுக்கும் நான்குக்கும் நட்டநடுவே இருந்தாக வேண்டும்.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. இதே பிள்ளைதான் அடுத்த வாரம் 4.50ஐ 5.50 என்று வாசிக்கும். சின்ன முள் ஏறக்குறைய ஐந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, பெரிய முள் பத்தில் இருக்கிறது. சின்ன முள் எந்த எண்ணின் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் மணி என்று கற்றுக்கொண்ட பிள்ளை வேறெப்படி வாசிக்கும்? கற்றுக்கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. சின்ன முள்ளும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை. நம் தொடக்கப் பள்ளிகளுக்குள் வந்திருக்கும் ஸ்மார்ட் போர்டுகளும் டேப்களும் கடிகாரம் கற்பிக்கப் பயன்படுமானால், முதலில் இந்த ஓர் இடத்தில் பயன்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இது வகுப்பறைக்குள் முடிந்துபோகிற சிக்கலும் அல்ல. பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு 2017இல், 24 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைச் சந்தித்தது. கேட்ட கேள்விகளில் ஒன்று, கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது. முழு மணியைச் சரியாகச் சொன்னவர்கள் 83 சதவீதம். மணியும் நிமிடமும் சேர்ந்த நேரத்தைச் சரியாகச் சொன்னவர்கள் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது, எட்டாம் வகுப்பைத் தாண்டும் வயதில் இருக்கும் பத்துப் பேரில் நான்கு பேருக்கு முள் கடிகாரத்தை முழுதாக வாசிக்க வரவில்லை. இந்த இடைவெளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். முழு மணி பெரும்பாலோருக்கு வந்துவிட்டது. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில்தான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தத் தெரியாத இடம் அது.

பெரியவர்களுக்குக் கடிகாரம் ஒரு பார்வையில் புரிந்துவிடுவதால், அது பிள்ளையிடம் எவ்வளவு கேட்கிறது என்பது நமக்கு மறந்தே போய்விட்டது. ஒரே வட்டத்தில் ஒரே எண்கள். ஆனால் சின்ன முள்ளுக்கு 4 என்பது நான்கு மணி, பெரிய முள்ளுக்கு அதே 4 இருபது நிமிடம். எழுதாத 20 அங்கே ஒளிந்திருக்கிறது, ஐந்தாம் வாய்பாடு தெரிந்தால்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் பத்துப் பத்தாக, நூறு நூறாகக் கட்டப் பழகிய பிள்ளை இங்கே அறுபதில் நிறுத்தி, மறுபடி சுழியிலிருந்து தொடங்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பிறகு பதின்மூன்று வராமல் ஒன்று வருகிறது. அந்த ஒன்றும் ஒரு நாளில் இரண்டு முறை வருகிறது. நீளமான முள் சின்ன அளவைக் காட்டுகிறது. குட்டையான முள் பெரிய அளவைக் காட்டுகிறது. மறதி நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் முதியவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்கிறார்கள். நினைவு, இடமறிதல், எண்ணறிவு, திட்டமிடல் என்று மூளையின் பல திறன்களை ஒரே தாளில் சோதிக்க முடிகிறது என்பதால்தான் அந்தச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அத்தனை திறனையும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரே பாடத்தில், ஒரே வாரத்தில் கேட்கிறோம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பெரிய முள்ளை எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கடிகாரத்தின் வரலாறே அப்படித்தான் வந்திருக்கிறது. ஐரோப்பாவின் தொடக்ககால இயந்திரக் கடிகாரங்களில் மணி முள் ஒன்றுதான் இருந்தது. கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கி, ஓட்டம் துல்லியமான பிறகுதான் நிமிட முள் பரவலாயிற்று. பல நூற்றாண்டுகள் மனிதர்கள் ஒரே முள்ளை வைத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறார்கள். ஒரு முள்ளிலேயே நேரம் முழுவதும் இருக்கிறது. இரண்டாவது முள் அதையே பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் எளிது. வீட்டில் அவர்கள் கேட்டு வளரும் மணி மூணு, மூணேகால், மூணரை, மூணேமுக்கால், நாலு என்றுதான் போகிறது. இந்த ஐந்தும் சின்ன முள் நிற்கும் இடத்தை அப்படியே சொல்பவை. மூன்றைத் தாண்டிக் கால் பங்கு, பாதி, முக்கால் பங்கு, பிறகு நான்கு. பெரிய முள்ளைப் பார்க்கவே தேவையில்லை. ஆங்கிலத்தில் மூணேமுக்காலைச் சொல்ல, பெரும்பாலும் நாலு மணிக்கு இன்னும் கால் மணி இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அந்த முறையில் தயாரான ஆங்கிலக் காணொளிகளையும் பயிற்சிகளையும் எடுத்து, மேலே தமிழ்க் குரலை ஏற்றி வகுப்பில் ஓடவிடும்போது, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவு வாசலிலேயே நின்றுவிடுகிறது. தமிழில் கடிகாரப் பாடம் தயாரிப்பவர்கள் கால், அரை, முக்காலிலிருந்து தொடங்கினால் பின்னப் பாடத்துக்கும் அங்கேயே அடித்தளம் விழும்.

இதற்குத் திரைகூட வேண்டாம். மலிவான பேட்டரிக் கடிகாரம் ஒன்றின் முன்கண்ணாடியைக் கழற்றி, நொடி முள்ளையும் பெரிய முள்ளையும் எடுத்துவிட்டு, சின்ன முள் மட்டும் ஓடும்படி சுவரில் மாட்டலாம். சில நாட்களிலேயே பிள்ளைகள் பேசுவதில் வித்தியாசம் தெரியும். "பத்தைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கு டீச்சர்", "பன்னெண்டு ஆகப்போகுது" என்பார்கள். இவை முழுமையான விடைகள் அல்ல. ஆனால் ஓடுகிற கடிகாரத்தை ஓடுவதாகவே பார்க்கிற கண் இதில்தான் உருவாகிறது. 4.50ஐ 5.50 என்று வாசிக்கும் பிள்ளை, சின்ன முள் இன்னும் ஐந்துக்கு வந்து சேரவில்லை என்று தானே திருத்திக்கொள்ளும்.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய முனைந்தது. பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் வந்தன, கல்வித் தொலைக்காட்சி வந்தது, மணற்கேணி செயலி வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகளும் என்று அரசு அறிவித்துச் செயல்படுத்தத் தொடங்கியது. இந்தச் செலவை நான் வீண் என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் நல்ல கருவி கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கருவி வந்துவிட்டதால்தான் அதில் என்ன ஓடுகிறது என்று இப்போது கேட்டாக வேண்டியிருக்கிறது.

கடிகாரப் பாடத்தில் திரை செய்யக்கூடிய, அட்டையால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. உண்மையான கடிகாரத்தின் உள்ளே பற்சக்கரங்கள் இரண்டு முள்ளையும் பிணைத்திருக்கின்றன. பெரிய முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சின்ன முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும். ஒரு நிமிடத்தில் பெரிய முள் 6 பாகை நகர்கிறது, சின்ன முள் அரைப் பாகை. அந்த அரைப் பாகை கண்ணுக்குத் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் சின்ன முள் நகர்ந்ததைப் பிள்ளை பார்க்காது. நகர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொள்ளும். அட்டைக் கடிகாரத்தில் பற்சக்கரம் கிடையாது, முள்கள் தனித்தனியாகச் சுற்றும். அதனால்தான் நடக்கவே முடியாத மூன்றரை மணி அங்கே பிறக்கிறது. திரையில் ஒரு பிள்ளை பெரிய முள்ளை விரலால் பிடித்து மெல்ல இழுக்கும்போது சின்ன முள் தானாக ஊர்ந்து வருமானால், ஒரு மணி நேரத்தில் நடக்கிற காரியம் அரை நிமிடத்தில் கண்முன் நடக்கும். பிள்ளையின் விரலே அதை நடத்தும்.

அமெரிக்காவின் மேத் லேர்னிங் சென்டர் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் 'மேத் கிளாக்' என்ற செயலியில் இந்த ஏற்பாடு இருக்கிறது. முள்களைப் பிணைத்தும் வைத்துக்கொள்ளலாம், தனித்தனியாக நகரவும் விடலாம். இரண்டுமே தேவைதான். முதலில் பிணைத்து வைத்துக் காட்ட வேண்டும். பிள்ளை புரிந்துகொண்ட பிறகு பிணைப்பை அவிழ்த்துவிட்டு, "ரெண்டே முக்கால் வை பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். சின்ன முள்ளை மூன்றுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற பிள்ளைக்குக் கடிகாரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் கடிகார விளையாட்டுகள் எல்லாம் இப்படி அமைந்திருப்பதில்லை. சிலவற்றில் முள்கள் எப்போதும் தனித்தனியாகவே சுற்றும். சின்ன முள் நேராக எண்ணின் மேல் நின்றால்தான் "சபாஷ்" என்று நட்சத்திரம் பறக்கும். அட்டைக் கடிகாரத்தின் குறையை அப்படியே மின்சாரத்தில் ஏற்றி வைத்ததுபோன்ற வேலை அது. பாடத்துக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று இழுத்துப் பார்க்க வேண்டும். சின்ன முள் அசையவில்லை என்றால் அந்தச் செயலியை மூடிவிடலாம், அட்டையே மேல்.

இன்னொன்று. கடிகாரக் காணொளியைப் பிள்ளைகள் சேர்ந்து பார்ப்பதை நான் கற்பித்தல் என்று ஏற்கத் தயாராக இல்லை. கார்ட்டூன் முயல் பாட்டுப் பாடி மணி சொல்லும், பிள்ளைகள் கூடவே பாடுவார்கள், முடிந்ததும் கைதட்டுவார்கள். பாட்டு நினைவில் நிற்கும், முள் நிற்காது. பிள்ளை முன்கூட்டியே ஒரு விடை சொல்ல வேண்டும், பிறகு திரை அதைச் சரிபார்க்க வேண்டும். "இப்போ பத்தரை. பெரிய முள்ளை இங்கேருந்து பன்னெண்டுக்குக் கொண்டுபோனா, சின்ன முள் எங்கே போய் நிக்கும்? கைய வச்சுக் காட்டு" என்று ஆசிரியர் கேட்டு, நாலைந்து பிள்ளைகள் நாலைந்து இடத்தில் விரல் வைத்து, அதன் பிறகு முள்ளை நகர்த்த வேண்டும். தான் விரல் வைத்த இடத்துக்கும் முள் போய் நின்ற இடத்துக்கும் இருக்கிற தூரத்தைப் பார்க்கும் பிள்ளையின் முகம் மாறுவதைக் கவனித்த எந்த ஆசிரியரும் அதற்குப் பிறகு காணொளியைத் தேட மாட்டார். இதற்கு ஒரு வகுப்பில் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் திரை அணைந்திருக்கலாம்.

மதிப்பீட்டிலும் இதே கோளாறு இருக்கிறது. கடிகாரப் படத்தைக் காட்டி, கீழே நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வது செய்வதற்குச் சுலபம், பதிவேற்றுவதற்கும் சுலபம். பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் வந்துவிடும். அந்த ஏழிலிருந்து ஆசிரியருக்கு என்ன தெரிகிறது? ஒரு பிள்ளை இரண்டு முள்ளையும் மாற்றி வாசிக்கிறது. இன்னொன்று பெரிய முள் 4இல் இருந்தால் நான்கு நிமிடம் என்கிறது. மற்றொன்று சின்ன முள்ளுக்கு அருகிலிருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முந்திப் போகிறது. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. பிள்ளை முள்ளைத் தானே நகர்த்தி வைக்கும்படி பயிற்சியை அமைத்தால், எந்த இடத்தில் வைத்தது என்பதைக் கணினி பதிந்துகொண்டு இன்ன பிள்ளைக்கு இன்ன தடுமாற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியும். கணினிக்கு இது கடினமான வேலையே இல்லை. ஆசிரியர்கள் மணிக்கணக்கில் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்றிய விவரம் பாடம் நடத்த உதவும் வடிவில் அவர்களிடமே திரும்பி வந்தால் அந்த உழைப்புக்குப் பொருள் கிடைக்கும்.

கடிகாரத்தை வாசிப்பது ஒன்று. நேரம் எவ்வளவு நீளம் என்று உணர்வது வேறொன்று. இரண்டாவதைப் பள்ளிகள் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1946இல் குழந்தைகளின் நேர உணர்வைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அந்த ஆய்வுக்குத் தூண்டுதல் 1928இல் டாவோஸில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அவரிடம் கேட்ட கேள்வி. குழந்தைக்கு நேரம் என்ற உணர்வு முதலிலேயே இருக்கிறதா, வேகத்தை அறிந்த பிறகு அதிலிருந்து உருவாகிறதா என்பது ஐன்ஸ்டைனின் கேள்வி. பியாஜே இரண்டு பொம்மைகளை ஒரே நேரத்தில் கிளப்பி ஒரே நேரத்தில் நிறுத்தினார். ஒன்று வேகமாக ஓடி அதிகத் தூரம் போயிருக்கும். சிறு பிள்ளைகள், தூரமாகப் போன பொம்மைதான் அதிக நேரம் ஓடியது என்றார்கள். அவர்களுக்கு நேரமும் தூரமும் இன்னும் பிரியவில்லை. இந்த வயதில் உள்ள பிள்ளையிடம் "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்று சொன்னால், அதன் காதில் விழுவது ஓர் எண் மட்டும்தான்.

இங்கே திரையின் இன்னொரு பயன் வருகிறது. அமெரிக்காவில் ஜான் ராஜர்ஸ் என்ற தாய், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்த தன் சின்ன மகளுக்காக ஒரு கருவியை வடிவமைத்தார். மீதமிருக்கும் நேரம் ஒரு சிவப்பு வட்டத்துண்டாகத் தெரியும். நிமிடம் கழியக் கழிய அது சுருங்கி மறையும். டைம் டைமர் என்ற பெயரில் அது உலகின் பல வகுப்பறைகளுக்குப் போயிருக்கிறது. அதே காட்சியை எந்த ஸ்மார்ட் போர்டிலும் கொண்டுவரலாம். படம் வரைய பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுத் திரையில் அந்த வண்ணத்துண்டை விட்டுவைத்தால், எண் தெரியாத பிள்ளைக்கும் பாதி நேரம் போய்விட்டது தெரியும். வேலையைத் தொடங்கும் முன்பே, இது முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று பிள்ளையையே ஊகிக்கச் சொல்ல வேண்டும். கை கழுவிவிட்டு வர எத்தனை நிமிடம், வாய்பாடு சொல்ல எத்தனை நிமிடம், மைதானத்தை ஒரு சுற்று ஓடிவர எத்தனை நிமிடம்? ஊகமும் உண்மையும் நாள்பட நாள்பட நெருங்கி வருவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். பொறுமை, ஆயத்தம், அடுத்தவரைக் காக்கவைக்காதிருத்தல் போன்ற நாம் எதிர்பார்க்கும் பழக்கங்கள் எல்லாம் இந்த உணர்விலிருந்துதான் வளர வேண்டியிருக்கிறது.

கைப்பேசியிலும் டிவியிலும் எண்ணாகவே மணி தெரியும் காலத்தில் முள் கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ரோமன் எண் போட்ட முள் கடிகாரத்தையும் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே நாட்டில் 2018இல், தேர்வு அறைகளில் மாணவர்கள் முள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணிக்கத் திணறுவதால் சில பள்ளிகள் எண் கடிகாரத்துக்கு மாறுவதாகப் பள்ளித் தலைவர்கள் சங்க நிர்வாகி மால்கம் ட்ரோப் சொன்னது பெரிய செய்தியானது. பாடத்திட்டத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மணி என்ன என்று தெரிந்தால் போதும் என்றால் எண் கடிகாரம் போதும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தேர்வு எழுதும் பிள்ளைக்குத் தேவை, மணி என்ன என்பதைவிட இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது. முள் கடிகாரத்தில் அது ஓர் இடைவெளியாகக் கண்ணில் படும். எண் கடிகாரத்தில் 11:35ஐ 12:15இலிருந்து கழிக்க வேண்டும், அதுவும் அறுபது அறுபதாக. 2.45உடன் 30 நிமிடத்தைக் கூட்டி 2.75 என்று எழுதும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. நாம் மூன்றரையை 3.30 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம்; அழைப்பிதழ், பேருந்து நிலையப் பலகை, செய்தித்தாள் எல்லாவற்றிலும் அப்படித்தான். பின்னால் தசமம் வரும்போது அதே மூன்றரை 3.5 ஆகிவிடுகிறது. ஒரே புள்ளிக்கு இரண்டு கணக்கு என்று யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் பிள்ளை தானாக எப்படிக் கண்டுபிடிக்கும்? குறைந்தபட்சம் தொடக்கப் பள்ளிப் பாடநூலிலும் திரைப் பாடங்களிலும் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இரட்டைப் புள்ளி போடுவது என்று முடிவெடுத்துவிடலாம்.

வட்டத்தை நான்காக மடிப்பது, ஐந்தைந்தாக எண்ணுவது, கோணம், சுழன்று மறுபடி தொடங்கும் கணக்கு ஆகிய எல்லாம் ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது முள் கடிகாரத்தில்தான். இதற்கு இணையாகக் காசு செலவில்லாத கணக்குக் கருவி வேறொன்று தொடக்கப் பள்ளியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முன்பு ஊரே பிள்ளைக்கு மணி சொல்லிக்கொடுத்தது. நகராட்சிச் சங்கு ஊதும். கோவை போன்ற ஊர்களில் மில் சங்கு ஊதும். வானொலியில் செய்தி தொடங்கினால் இன்ன மணி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் ஒரு நிமிடத்துக்காக ஓட்டுநரோடு மல்லுக்கட்டுவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கும். இப்போது பெரும்பாலும் நேரம் அவரவர் கைப்பேசிக்குள் போய்விட்டது, அது பெரியவர் சட்டைப் பையில் இருக்கிறது. சுவர்க் கடிகாரமே இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே நேரத்தைப் பார்த்துப் பழகும் இடமாகப் பள்ளிதான் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பள்ளியின் ஸ்மார்ட் போர்டு மூலையிலும் 10:42 என்று எண்ணாக நேரம் எரிந்துகொண்டிருந்தால், பிள்ளை சுவரை நிமிர்ந்து பார்க்கவே காரணம் இல்லாமல் போகிறது. அதை மறைத்து வைக்க முடியும், மறைக்க வேண்டும்.

கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் இன்னமும் பிள்ளைகளே மணி அடிக்கிறார்கள். மரக்கிளையிலோ தாழ்வாரத்திலோ ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வழக்கமாக ஆசிரியர் "போய் மணி அடி" என்பார், பிள்ளை ஓடும். சொல்லாமலே அடிக்க வேண்டும் என்று அந்தப் பொறுப்பை மாற்றினால் போதும். இந்த வாரம் முழுக்க இன்ன இருவர்தான் நேரம் பார்ப்பவர்கள். கடிகாரத்தைப் பார்த்து அவர்களே எழுந்துபோய் அடிக்க வேண்டும். அவர்கள் பிந்தினால் சத்துணவு பிந்தும். பள்ளி நாள் முழுவதும் அவர்களின் கண்ணை நம்பி நடக்கிறது என்று தெரிந்தால், படிப்பில் பின்தங்கியவர் என்று நாம் ஒதுக்கி வைத்த பிள்ளைகூட ஒரே வாரத்தில் மணி பார்க்கப் பழகிவிடும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பள்ளி நாளில் நேரம் சார்ந்த நிகழ்ச்சிகள் கூடியிருக்கின்றன: காலைச் சாப்பாடு, வழிபாடு, இடைவேளை, சத்துணவு, விளையாட்டு, வீட்டுக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிள்ளையே கடிகார முகம் வரைந்து ஒட்டட்டும். நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் ரப்பர் ஸ்டாம்பால் குத்தித் தரும் வெற்றுக் கடிகாரத்தில் முள் வரைவதைவிட, தன் வயிறு பசிக்கும் நேரத்தை வரைவது பிள்ளைக்குப் பொருள் உள்ளது.

ஒரே வாரத்தில் முடித்துவிடும் பாடமாகக் கடிகாரத்தை வைத்திருப்பதும் மாற வேண்டும். முதல் வகுப்பில் சின்ன முள் மட்டும். இரண்டாம் வகுப்பில் கால், அரை, முக்கால். ஐந்தாம் வாய்பாடு கைவந்த பிறகு பெரிய முள்ளும் நிமிடமும் என்று பிரித்து, ஆண்டு முழுவதும் நாளுக்குச் சில நிமிடம் என்று பரப்ப வேண்டும். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியான பிறகு பாடத்திட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. இதைச் சேர்க்க நல்ல தருணம் இது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் முள்கள் பிணைந்த ஒரு தமிழ்க் கடிகாரச் செயலியை உருவாக்கி, இணையம் இல்லாமலும் ஓடும்படி எல்லா டேப்களிலும் ஏற்றித் தரலாம். ஒரு சிறு நிரலாளர் குழுவுக்கு இது சில வார வேலை.

அதோடு, ஓடாத சுவர்க் கடிகாரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். விலை உயர்ந்த திரைக்குப் பக்கத்தில் பேட்டரி தீர்ந்து ஒரே மணியைக் காட்டிக்கொண்டிருக்கும் கடிகாரம், இது பார்ப்பதற்கான பொருள் அல்ல என்று பிள்ளைக்கு நாள்தோறும் கற்பிக்கிறது. பேட்டரியை ஆசிரியர் தன் கைக்காசில் வாங்கிப் போடும் நிலை இருக்கக் கூடாது; பள்ளி மானியத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று ஒரு வரிச் சுற்றறிக்கை வந்தால் தலைமையாசிரியர்கள் தயங்காமல் செலவழிப்பார்கள். கடிகாரத்தைக் கூரையை ஒட்டி மாட்டாமல், பிள்ளையின் கண் எட்டும் உயரத்தில் மாட்ட வேண்டும். ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் மூன்றரை மணி வரைந்த தாள்களை ஆசிரியர்கள் கொண்டுவந்து மேசையில் பரப்பிப் பார்க்கட்டும். எந்தச் செயலி வேண்டும், எந்தப் பயிற்சி வேண்டும் என்பதை அந்தத் தாள்களை வைத்து அவர்களே எழுதித் தருவார்கள். துறை அதை வாங்கிக்கொண்டு பிறகு கொள்முதல் ஆணை போடட்டும்.